விளக்கு எரியாத உதறல்

என் கையைப் பார்க்கிறீர்கள், இல்லையா சார்? பார்க்கலாம், தப்பில்லை. முன் சீட்டில் உட்காருகிறவர்கள் எல்லாரும் இப்போது பார்க்கிறார்கள். ஏர்போர்ட் வாசலில் ஏறும்போதே நீங்கள் பார்த்ததைக் கவனித்தேன். இந்த ஆள் ஏன் ஸ்டியரிங்கை இந்தப் பிடி பிடித்திருக்கிறான், யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களா என்று நினைத்திருப்பீர்கள். சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் ஓட்டினால்தான் பயம் வரும்.

ஸ்டியரிங் உதறுகிறது சார். அவ்வளவுதான். லேசாகக் கை வைத்தால் உதறும். இறுக்கிப் பிடித்தால் அடங்கிவிடும். அதனால் இறுக்கிப் பிடிக்கிறேன். மற்றபடி வண்டிக்கு ஒன்றும் இல்லை, தென்காசி வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய் விடுவேன். என் பெயர் சொரிமுத்து. ஊர் பாவூர்சத்திரம். இந்த ரோட்டில் லாரி ஓட்டியிருக்கிறேன், மினிபஸ் ஓட்டியிருக்கிறேன், அதற்குப் பிறகுதான் இந்தச் சொந்த வண்டி. ஒரு ஆட்டுக்குட்டிகூட என் சக்கரத்தில் பட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை சார். ஏன் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. இப்போதெல்லாம் யார் ஏறினாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன்.

இது கரண்ட் ஸ்டியரிங். பெங்களூரில் உங்கள் வண்டியும் அப்படித்தான் இருக்கும். பழைய வண்டிகளில் ஆயில், பம்பு, ஹோஸ் என்று இருக்கும். கசிந்தால் கீழே சொட்டும், குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். இதில் அதெல்லாம் கிடையாது. ஸ்டியரிங் தண்டில் ஒரு மோட்டார், அதோடு ஒரு சென்சார். நாம் எந்தப் பக்கம், எவ்வளவு பலமாகத் திருப்புகிறோம் என்று சென்சார் பார்த்துச் சொல்லும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு மோட்டாரைத் திருப்பும். இதில் எங்கேயாவது பிசகினால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். என்ன பிசகு என்று கம்ப்யூட்டர் ஒரு நம்பரைத் தனக்குள் போட்டு வைத்துக்கொள்ளும். எரர் என்பார்கள். இதோ என் முழங்காலுக்கு மேலே ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் சொருகினால் அந்த நம்பர் வெளியே வரும்.

டிரைவருக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். எல்லாம் ஜெபசிங் சொல்லிக்கொடுத்தது. அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் பிழைப்பில் மண்ணைப் போட்டவனும் அவன்தான்.

அவன் பாளையங்கோட்டையில் ஸ்கேனர் வைத்து வேலை பார்க்கிறவன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். ஆரம்பத்தில் அவனைப்போல் ஒரு மெக்கானிக்கை நான் பார்த்ததே இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை தெரிந்தவன். வேலை தெரிந்தவன் கைவிட்டால்தான் சார் வலிக்கிறது.

போன ஆயுத பூஜைக்கு டாஷ்போர்டில் அய்யனார் படம் வைத்து, சுற்றிச் சின்ன விளக்கு போட்டேன். எங்கள் குலசாமி, காரையாறு சொரிமுத்து அய்யனார். என் பெயரே அவர் பெயர்தானே. விளக்கை மாட்டிக் கொடுத்தவன் சாவி போட்டதும் எரிகிற மாதிரி ஏதோ ஒரு வயரிலிருந்து எடுத்துவிட்டான். ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் ஆலங்குளம் தாண்டி வருகிறேன், மஞ்சள் விளக்கு எரிந்தது, ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. வளைவில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. எப்படியோ ஓட்டிக்கொண்டு போய் ஜெபசிங் முன்னால் நிறுத்தினேன்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்கேனரில் எரர் வந்தால் உடனே நம்ப மாட்டான். முன் கண்ணாடியில் அதை சாக்பீஸால் எழுதுவான். அப்புறம் ஸ்கேனரில் அழித்துவிடுவான். வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து மறுபடியும் சொருகுவான். திரும்பி வந்த நம்பரைத்தான் கணக்கில் எடுப்பான்.

"எதுக்குடே அழிச்சு அழிச்சுப் பாக்கே? அதான் முதல்லயே வந்துட்டுல்லா?" என்று கேட்டேன்.

"வாறது எல்லாம் வியாதி இல்ல அண்ணாச்சி. பேட்டரியக் கழத்தி மாட்டுனாக்கூட ஒரு எரர் விழும். அழிச்ச பொறவும் வருதா, அப்பதான் வியாதி."

அன்றைக்குக் கண்ணாடியில் இரண்டு நம்பர் எழுதியிருந்தான். ஒன்று திரும்பி வரவில்லை. இன்னொன்று வந்தது. ஸ்டியரிங் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பத்தவில்லை என்று அதற்கு அர்த்தமாம். வேறு எவனாக இருந்தாலும் பேட்டரியை மாற்று, இல்லையென்றால் ஸ்டியரிங் தண்டையே மாற்று என்றிருப்பான். இவன் டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துத் தேடினான். விளக்கு மாட்டினவன் ஸ்டியரிங்குக்குப் போகிற வயரை அறுத்து, அதோடு அய்யனார் விளக்கு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தான். மழைத் தண்ணீர் கசிந்து அந்த முறுக்குப் பச்சை பூத்துப்போய்க் கிடந்தது. "அய்யனாரு ஒம்ம ஸ்டியரிங்குல கரண்ட் திருடுதாரு அண்ணாச்சி" என்று உள்ளே படுத்துக்கொண்டே சிரித்தான். கிறிஸ்தவன்தான். ஆனால் விளக்கைக் கழற்றிப் போடவில்லை. தனியாக ஃபியூஸ் வைத்து வேறு லைன் இழுத்துக் கொடுத்தான். சாமி படத்தைத் துடைத்துத்தான் திரும்ப வைத்தான். பார்த்தீர்களா, இப்போதும் எரிகிறது.

அன்றைக்கு ஸ்கேனர்மேல் எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது சார். மனுஷன் மறைப்பான், மெஷின் மறைக்காது என்று நினைத்தேன். என்ன வலி, எங்கே வலி என்று வண்டி நம்பரில் சொல்லிவிடுகிறது.

தை மாதம் வாக்கில் இந்த உதறல் ஆரம்பித்தது.

முதலில் இடது கையில்தான் தெரிந்தது. ரயில்வே கேட்டில் நிற்கிறேன். கையைச் சும்மா ஸ்டியரிங்மேல் வைத்திருக்கிறேன். லேசாக உதறுகிறது. இன்ஜின் மவுண்ட் போயிருக்கும் என்று நினைத்து இன்ஜினை அணைத்தேன். அணைத்த பிறகும் உதறுகிறது சார். யோசித்துப் பாருங்கள், இன்ஜின் ஓடவில்லை, சக்கரம் சுற்றவில்லை, ஸ்டியரிங் மட்டும் உதறுகிறது. எவ்வளவு ஆழமான கோளாறு என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஆனால் மஞ்சள் விளக்கு எரியவில்லை. அதுதான் வினை. விளக்கு எரிந்தால் ஒரு வழி உண்டு. எரியாத கோளாறை யாரிடம் போய்க் காட்டுவது?

டயரை மாற்றினேன். அலைன்மென்ட் பார்த்தேன். பேலன்சிங் பார்த்தேன். கீழே இருக்கிற ஜாயின்ட்டெல்லாம் புதுசு. உதறல் நிற்கவில்லை. சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கினால் அந்த உதறல் கையிலேயே தங்கிவிடும். டிராக்டர் ஓட்டி இறங்கினால் உடம்பு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்குமே, அந்த மாதிரி. சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தால் டம்ளரில் போய் டக் டக்கென்று தட்டும். கோமதி, என் வீட்டுக்காரி, டம்ளரைத் தள்ளி வைப்பாள்.

அய்யனார் விளக்கில் கை வைத்ததால்தானோ என்றும் தோன்றியது. காரையாறு கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். நான் என்ன குறை வைத்தேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். ஆயில் தள்ளிப் போட்டதில்லை. அதிக பாரம் ஏற்றியதில்லை. வண்டியை ஒரு வார்த்தை திட்டியதுகூட இல்லை. என்னையே கேள்வி கேட்பதில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை சார். கோமதி சொல்வாள், "ஒங்களுக்கு நீங்களே போலீஸ், நீங்களே கைதி" என்று.

ஜெபசிங்கிடம் போனேன். ஸ்கேனரைச் சொருகினான். எரர் ஒன்றும் இல்லை. அவன் என்னை ஏமாற்றவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எரர் இல்லை போங்கள் என்று அனுப்பியிருக்கலாம். "வாங்க, லைவா பாப்போம்" என்றான். ஸ்கேனரில் இன்னொரு வசதி இருக்கிறது. சென்சார் அந்த நிமிடம் என்ன பார்க்கிறதோ அதைக் கோடாகப் போட்டுக் காட்டும். ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு கோடு ஓடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கோடு மேலே ஏறும், அந்தப் பக்கம் திருப்பினால் கீழே இறங்கும், விட்டால் நடுவில் நேராக ஓடும்.

முதலில் அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கையை லேசாக வைத்தான். கோடு நேராக ஓடியது.

"எங்க உதறுது அண்ணாச்சி?"

"நீ வச்சா உதறாது. எந்திரி" என்று நான் உட்கார்ந்தேன். கையை வைத்தேன். கோடு நடுங்க ஆரம்பித்தது. சின்னச் சின்னப் பல்லாக, ரம்பம் மாதிரி. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "பாத்தியா! பாத்தியா! நான் பொய்யா சொன்னேன்?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "கைய எடுங்க" என்றான். எடுத்தேன். கோடு நேராகிவிட்டது.

"வைங்க."

வைத்தேன். நடுங்கியது.

"வலது கைய மட்டும் வைங்க."

நேராக ஓடியது.

"எடது கைய மட்டும்."

நடுங்கியது.

இதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னான். அழித்து அழித்துப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அதே மாதிரி. அப்புறம் ஸ்கேனரைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். டீ சொன்னான். டீ வந்தது. குடித்தோம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சென்சார் போயிட்டுல்லா? மாத்திருவோமா?"

"சென்சாரு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"நல்லா இருக்குற சென்சாரு எதுக்குடே நடுங்குது?"

"அது நடுங்கல. உள்ளதக் காட்டுது." ஸ்கேனரைக் கீழே வைத்தான். "அந்த சென்சாரு வண்டிய அளக்காது அண்ணாச்சி. ஓட்டுத ஆளோட கையத்தான் அளக்கும்."

அப்புறம் அவன் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். கிரீஸ் கை. ஒர்க்‌ஷாப் நடுவில், பார்க்கிறவன் எல்லாம் பார்க்க, ஒரு ஆம்பிளை கையை இன்னொரு ஆம்பிளை பிடித்துக்கொண்டு நிற்பதா? "எப்பத்துலருந்து அண்ணாச்சி?" என்று கேட்கிறான், நர்ஸ் மாதிரி. கையை இழுத்துக்கொண்டேன். லாரி ஸ்டியரிங் ஒடித்த கை சார் இது. பவர் இல்லாத ஸ்டியரிங், கல் லோடு, புளியரைக் கொண்டை ஊசி வளைவு. அந்தக் கையைச் சந்தேகப்படுகிறான்.

கோபத்தில் வந்துவிட்டேன். வழியெல்லாம் யோசித்தேன், நான் அவன்மேல் அநியாயமாகக் கோபப்படுகிறேனா என்று. இல்லை என்றுதான் தோன்றியது. வேலை தெரிந்தவனுக்கு ஒரு கோளாறு பிடிபடவில்லை என்றால் பிடிபடவில்லை என்று சொல்ல வேண்டும். ஓட்டுகிறவன்மேல் போடக் கூடாது.

பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஏ.சி. ஹால், சோபா, காபி மெஷின் எல்லாம் உண்டு. நான் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார்கள். சார், சார் என்றார்கள். ஸ்டியரிங் தண்டையே மோட்டாரோடு, சென்சாரோடு மாற்றிவிட்டார்கள். செலவைக் கேட்காதீர்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறேன், கேட் தாண்டவில்லை, மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டது!

மனசு துள்ளியது சார். சிரிக்காதீர்கள். புதுத் தண்டு போட்டும் விளக்கு எரிகிறதே என்று வேறு எவனாக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பான். நான் திரும்பியே பார்க்கவில்லை. விளக்கு எரிந்துவிட்டது, எரர் விழுந்துவிட்டது, இனி கோளாறு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்று வழி முழுக்க மீட்டரையே பார்த்துக்கொண்டு நேரே ஜெபசிங்கிடம் போனேன். "வா, வந்து பாருடே. இப்ப சொல்லு, கையா வண்டியா?"

அவன் சொருகினான், படித்தான், சாக்பீஸை எடுத்தவன் எழுதாமலே கீழே வைத்துவிட்டான். "புதுத் தண்டு போட்டவனுவ ஜீரோ சொல்லிக் குடுக்கல அண்ணாச்சி. எது நடுன்னு அதுக்குத் தெரியல. இது ஒரு வியாதியே இல்ல."

ஸ்டியரிங்கை நேராக வைத்துவிட்டு ஸ்கேனரில் ஒரு பட்டனை அழுத்தினால், இதுதான் நடு, இதுதான் ஜீரோ என்று சென்சார் கற்றுக்கொள்ளுமாம். அழுத்தினான். முடியவில்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினான். முடியவில்லை. அப்போதுதான் பார்த்தான், நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கைய எடுங்க அண்ணாச்சி. கை இருந்தா ஜீரோ எடுக்காது."

எடுத்தேன். அழுத்தினான். விளக்கு அணைந்துவிட்டது.

அது அணைந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று கோமதியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், தென்காசியில் இறங்கிப் போய்விடுவீர்கள். ஒரு ஆள் எனக்காக சாட்சி சொல்ல கோர்ட்டுக்கு வந்து, கூண்டில் ஏறி, வாயைத் திறக்காமல் இறங்கிப் போன மாதிரி இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கையை வைத்தேன். புதுத் தண்டு, புது மோட்டார், புது சென்சார். பழைய உதறல்.

"அண்ணாச்சி, நான் ஒரு எடம் சொல்லுதேன், போவீயளா?" என்றான்.

"எந்த ஒர்க்‌ஷாப்பு?"

"ஒர்க்‌ஷாப்பு இல்ல."

நான் வண்டியை எடுத்துவிட்டேன். அவன் பேசிக்கொண்டே கூட நடந்துவந்தான், ரோடு வரைக்கும்.

அதோடு விட்டானா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு பாவூர்சத்திரத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டான், நான் சவாரி போயிருந்த நேரம் பார்த்து. கோமதியிடம் என்ன சொன்னானோ. நான் வந்தபோது இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோமதி கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாசனையே வரவில்லை. வாசனை இல்லாத கருவாட்டை எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். அவன் கோமதியைப் பார்த்தான், கோமதி அவனைப் பார்த்தாள். இதில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது? இப்போது விற்கிற சாமான் எதில்தான் வாசனை இருக்கிறது?

அன்று படுக்கும்போது கோமதி சொன்னாள், "தூங்கும்போது மட்டும் அது அடங்கியிருக்கு. நானும் கார்த்திகையிலருந்து பாத்துக்கிட்டுத்தான் வாரேன்."

"தூங்கும்போது வண்டி ஓட்டலல்லா. அடங்காம என்ன செய்யும்?" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். கார்த்திகை என்கிறாள் பாருங்கள். உதறல் ஆரம்பித்ததே தையில்தான். அவளுக்கு மாசக் கணக்கு எப்போதும் குழம்பும்.

அடுத்து ஜெபசிங் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறான். எங்கள் வேன் ஸ்டாண்டில் பட்டுராஜ் என்று ஒருத்தன், என் கூட்டாளி, சவாரி பிரித்துக் கொடுப்பது அவன்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுவிடுகிற சவாரி என்னிடம்தான் இருந்தது. அதை எடுத்து வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டான். குற்றாலம் சவாரியும் இல்லை. என்னடே விஷயம் என்றால், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்வே. வண்டி சரியாவட்டும்" என்கிறான். வண்டியாம்! அவன் வாயிலிருந்து வண்டி என்று வந்ததே, அதற்காவது சந்தோஷப்பட்டேன். போகும்போது சொல்கிறான், "அதுக்காக எந்நேரமும் உர்ருன்னு இருக்காதயும். கொஞ்சம் சிரியும்வே. சிரிச்சா என்ன, முத்தா உதிந்திரும்?"

நான் அப்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் சார்.

அது என்னமோ மனசில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். கோமதி பின்னால் வந்து நின்றாள். எதுக்கு முறைக்கீங்க என்று கேட்டாள்.

போன் அடிக்கிறது, கோமதிதான். அடிக்கட்டும் சார். வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டேன். இது எத்தனையாவது தடவையோ. அவள் இப்போது பாளையங்கோட்டையில் நரம்பு டாக்டர் ஒருத்தர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். ஜெபசிங் சொன்ன இடம் அதுதான். ஒர்க்‌ஷாப்பு இல்ல என்றானே, அந்த இடம். கோமதி என்னைக் கேட்காமல் டோக்கன் போட்டுவிட்டாள். இன்றைக்குக் காலையில் கிளம்பச் சொன்னாள். நீங்கள் போன் செய்த நேரம் அது. ஏர்போர்ட் சவாரி வந்துவிட்டது, நீ பஸ்ஸில் போய் வரிசையில் உட்கார், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் மச்சான் மூலமாக நேராக எனக்கு வந்த சவாரி. பட்டுராஜ் கொடுத்தது இல்லை. அதனால்தான் விட மனசு வரவில்லை.

போகக் கூடாது என்று இல்லை சார். போனால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்த டாக்டர் பாட்டுக்கு ஏதாவது ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார். எழுதிவிட்டால் அதை அழித்துப் பார்க்க முடியுமா? அழித்துவிட்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, திரும்பி வருகிறதா என்று பார்க்க அவர்களிடம் மெஷின் இருக்கிறதா? வண்டி ஓட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் நான் யார்? எனக்கு வேறு எதுவும் தெரியாது சார். வயல் கிடையாது, கடை கிடையாது. வீட்டில் என்னை வைத்துக்கொண்டு கோமதி என்ன செய்வாள்?

வல்லநாடு வந்துவிட்டது. டீ சாப்பிடுவோமா? வேண்டாமா? அப்படியென்றால் ஒரு உதவி கேட்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள். வேப்பமர நிழலில் ஓரமாக நிறுத்துகிறேன். நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து கையை வைத்துப் பாருங்கள். ஜெபசிங்குக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது, கோமதி பயந்துவிட்டாள், பட்டுராஜ் அவன் சொன்னதைக் கேட்கிறான். உங்களுக்கு என்மேல் விருப்பும் இல்லை வெறுப்பும் இல்லை. நீங்கள் சொன்னால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வாருங்கள். சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள், நான் குட்டை. லேசாக வையுங்கள். இன்னும் லேசாக. என்ன?

ஒன்றும் இல்லையா?

நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது சார். ஓட்டிப் பாருங்கள். ரோடு காலியாகத்தான் இருக்கிறது. இல்லை, பரவாயில்லை, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் ஓட்டுங்கள். ஆற்றுப் பாலத்தில் மட்டும் நிதானமாகப் போங்கள்.

நன்றாக ஓட்டுகிறீர்கள். கியர் மாற்றுவது தெரியவே இல்லை.

உதறுகிறதா?

வேகம் கூட்டுங்கள். இப்போது?

கையை நன்றாகத் தளர்த்திவிட்டீர்களா? இப்போதும் இல்லையா?

சரி சார்.

இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பழகியதில்லை. கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடைமேல் வைத்திருக்கிறேன். பாருங்கள். வேண்டாம், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். நானே பார்த்துக்கொள்கிறேன். ஸ்டியரிங் உங்களிடம் இருக்கிறது. ஆடாமல் இருக்கிறது. அய்யனார் பக்கத்து பிளாஸ்டிக் பூகூட ஆடவில்லை. வண்டி இவ்வளவு அமைதியாக ஓடும் என்று எனக்குத் தெரியாது.

தொற்றிக்கொண்டதாகத்தான் இருக்கும் சார். இத்தனை மாதம் பிடித்துக்கொண்டே இருந்தேன் இல்லையா, வண்டியிலிருந்து கைக்கு வந்திருக்கும். வண்டி விட்டுவிட்டது. கைக்கு இன்னும் தெரியவில்லை. இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வலது கையால் பிடித்துக்கொண்டால் நிற்கிறது. விட்டால் வருகிறது.

முன்னால் தெரிகிறதே, அது கே.டி.சி. நகர் பாலம். தென்காசிக்கு பைபாஸில் ஏறிவிட்டால் பாளையங்கோட்டை ஊருக்குள் போகாமலே போய்விடலாம். அப்படித்தான் போவதாக இருந்தேன். உங்களுக்கு அவசரம் இல்லை என்று சொன்னீர்கள், இல்லையா? கோமதி காலையில் வெறும் வயிற்றோடு வந்தவள். டோக்கன் நம்பர் தாண்டிவிட்டால்கூட எழுந்துபோய்ச் சாப்பிட மாட்டாள், அப்படியே உட்கார்ந்திருப்பாள். அவளுக்காகத்தான். எனக்கு ஒன்றும் இல்லை.

பைபாஸில் ஏற வேண்டாம் சார். நேரே ஊருக்குள் விடுங்கள்.

நான் வழி சொல்கிறேன். அந்தத் தெருவில் வண்டியைக் கண்டதும் அவள் எழுந்து டிரைவர் பக்கம்தான் வருவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பக்கம் வந்துதான் அவளுக்குப் பழக்கம். உங்களைப் பார்த்துத் திகைத்து நிற்பாள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் சார். இந்தப் பக்கம் என்று மட்டும் கை காட்டுங்கள்.